எடையும் வேகமும்: கிராமபோன் முள்ளிலிருந்து நம் லிஃப்ட் வரை



நம் குடியிருப்பில் எல்லோருக்கும் பொதுவான பெரிய இயந்திரங்கள் இரண்டு. ஒன்று லிஃப்ட். இன்னொன்று, கரண்ட் போனதும் கீழே உறும ஆரம்பிக்கும் ஜெனரேட்டர். புதிதாகக் குடிவரும் எவரும் இவற்றைப் பற்றிக் கேட்பது ஒரே மாதிரிதான்: ஜெனரேட்டர் எத்தனை கே.வி.ஏ.? லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம்? அதாவது, சக்தி எவ்வளவு?

சக்தி எவ்வளவு என்பதைவிட, அந்தச் சக்தியை யார் அடக்குகிறார்கள் என்பதே முக்கியமான கேள்வி. அந்த வேலையைச் செய்பவை இரண்டு சிறிய பொருள்கள். ஒன்று 'கவர்னர்'. இது ராஜ்பவன் கவர்னர் அல்ல. மெக்கானிக்குகள் சொல்லும் கவர்னர், வேகத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு. இன்னொன்று 'எதிர் எடை', மெக்கானிக் மொழியில் கவுண்டர் வெயிட். நீராவி எஞ்சினிலும், நம் தாத்தாக்கள் பாட்டுக் கேட்ட கிராமபோன் பெட்டியிலும், பாம்பன் பாலத்திலும், இன்று நாம் ஏறி இறங்கும் லிஃப்டிலும் இந்த இரண்டில் ஒன்றோ இரண்டுமோ வேலை செய்கின்றன. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்ல வருகிறேன்.

நீராவிக்குப் போட்ட மூக்கணாங்கயிறு

நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் வாட் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். உண்மையில் அவருக்கு முன்பே, 1712-இல், தாமஸ் நியூகோமன் என்பவர் செய்த எஞ்சின் இங்கிலாந்தில் சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. அது ஏராளமாக நிலக்கரியைத் தின்றது. நீராவியைக் குளிரவைக்கத் தனி அறை வைத்து, அந்த வீண் செலவைக் குறைத்தவர் வாட். அதற்கு அவர் 1769-இல் காப்புரிமை பெற்றார்.

தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு வேகம் ஒரு பிரச்சினை அல்ல. கொஞ்சம் வேகமாக இறைத்தாலும் மெதுவாக இறைத்தாலும் தண்ணீர் மேலே வந்துவிடும். ஆனால் அதே எஞ்சினைக் கொண்டு மாவு மில்லையோ நூற்பாலையையோ ஓட்டும்போது கதை வேறு. வேகம் கூடினால் நூல் அறும். குறைந்தால் வேலை கெடும். நாலு தறியை நிறுத்தினால் மிச்சத் தறிகள் தலைதெறிக்க ஓடும்.

இதற்காக 1788-இல் வாட் தன் எஞ்சினில் பொருத்தியதுதான் கவர்னர். நிமிர்ந்து சுழலும் ஒரு தண்டு. அதன் இருபுறமும் கைபோலத் தொங்கும் இரண்டு இரும்புக் குண்டுகள். எஞ்சின் வேகம் கூடினால், ராட்டினத்தில் வெளிப்புறமாக வீசப்படும் இருக்கைகளைப் போலக் குண்டுகள் விரிந்து உயரும். அவை உயர்ந்தால், அவற்றோடு இணைந்த கம்பி நீராவிக் குழாயின் வால்வைச் சற்று மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தணியும், வால்வு திறக்கும். பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இயந்திரம் தன் வேகத்தைத் தானே பார்த்துத் தானே திருத்திக்கொள்கிறது.

இந்த யோசனையும் வாட்டின் சொந்தச் சரக்கு அல்ல. காற்றாலைகளில் மாவு அரைப்பவர்கள் இதுபோன்ற குண்டுகளை முன்பே பயன்படுத்தி வந்தார்கள். அதை எடுத்து நீராவிக்கு மூக்கணாங்கயிறாகப் போட்டதுதான் வாட் செய்தது. எண்பது ஆண்டுகள் கழித்து, 1868-இல், ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற பெரிய இயற்பியலாளர் கவர்னர்களைப் பற்றியே ஒரு கணித ஆய்வுக் கட்டுரை எழுதினார். இன்றைய தானியங்கிக் கட்டுப்பாட்டு இயலுக்கு அது ஒரு தொடக்கம்.

நம் கடற்கரையில் இதைப் புரியவைக்க விசைப்படகு ஒன்றே போதும். அலை தூக்கும்போது படகின் பின்பக்கம் உயர்ந்து, புரொப்பல்லர் ஒரு கணம் தண்ணீரைவிட்டு வெளியே வரும். அந்தக் கணத்தில் எஞ்சினுக்குச் சுமையே இல்லை. கவர்னர் உடனே டீசலைக் குறைக்காவிட்டால் எஞ்சின் கண்மண் தெரியாமல் சுற்றித் தன்னையே கெடுத்துக்கொள்ளும்.

நம் ஜெனரேட்டரிலும் அதே கதை. பொதுவாக இந்த வகை ஜெனரேட்டர்கள் நிமிடத்துக்கு 1500 சுற்று என்ற வேகத்தில் ஓடும். அப்படி ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும். நாலு வீட்டில் ஒரே நேரத்தில் மோட்டாரோ ஏசியோ போட்டால் ஜெனரேட்டரின் சத்தம் சற்றே தணிந்து பிறகு பழைய நிலைக்கு வருவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஓரிரு நொடிதான் கவர்னர் வேலை செய்யும் நேரம். புதிய ஜெனரேட்டர்களில் குண்டுகளுக்குப் பதில் மின்னணுக் கருவி இருக்கலாம். வேலை அதேதான்.

பாட்டுப் பெட்டிக்குள் அதே கவர்னர்

எடிசன் 1877-இல் குரலைப் பதிவு செய்யும் கருவியைச் செய்தார். எமில் பெர்லினர் 1887-இல் தட்டையான இசைத்தட்டைக் கொண்டுவந்தார். பெர்லினரின் ஆரம்பகாலப் பெட்டிகளைக் கையால் சுற்ற வேண்டும். கை வேகம் கூடினால் பாடகர் கீச்சிடுவார், குறைந்தால் முனகுவார். சுருதி நம் கையில் இருந்தது. அதாவது, யார் கையிலும் இல்லை.

இதைத் தீர்த்தவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கேம்டன் நகரில் சிறு பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் என்ற மெக்கானிக். 1896-இல் அவர் பெர்லினரின் பெட்டிக்கு ஒரு சுருள்வில் மோட்டார் செய்து கொடுத்தார். சாவி கொடுத்தால் சுருள்வில் இறுகும். அது விரியும் விசையில் தட்டு சுழலும். ஆனால் முழுச் சாவியில் வில்லுக்குப் பலம் அதிகம். விரிய விரியப் பலம் குறையும். பாட்டு ஒரே வேகத்தில் ஓட வேண்டுமே! அங்கேதான் நீராவி எஞ்சினின் கவர்னர் பெட்டிக்குள் நுழைந்தது.

பழைய கிராமபோனைத் திறந்து பார்த்தால் தெரியும். மெல்லிய தகட்டு வில்களில் பொருத்திய மூன்று சிறு குண்டுகள் ஒரு தண்டைச் சுற்றிச் சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து, தண்டில் உள்ள சிறு வட்டத்தகட்டை இழுக்கும். அந்தத் தகடு ஒரு கம்பளித் துண்டில் உரசி வேகத்தைக் குறைக்கும். மில்லை அடக்கிய கருவி, கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கி, பாட்டின் சுருதியைக் காத்தது. சாவி தீரும்போது பாட்டு இழுத்துக்கொண்டே போய் நிற்குமே, அது கவர்னர் கெட்டதால் அல்ல. அடக்குவதற்கு வில்லில் பலமே மிச்சமில்லை என்பதால்தான்.

இந்தப் பெட்டி நம் பக்கத்துக்கும் வந்தது. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காரைக்குடியில் கிராமபோன் தட்டுகள் விற்ற கடையிலிருந்து வந்தவர்தான் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். பிறகு அவர் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் இசைத்தட்டு வியாபாரத்தில் இறங்கி, அங்கிருந்து சினிமாவுக்குப் போனார். ஏவி.எம். ஸ்டுடியோவின் வேர் ஒரு ரெக்கார்டு கடையில் இருக்கிறது. 1925-இல் ராமநாதபுரத்தில் பிறந்த இசைமுரசு நாகூர் ஹனீபாவின் குரலும் நம் வீடுகளுக்கு முதலில் வந்தது இசைத்தட்டு வழியாகத்தான்.

தீயில் ஓடிய கிராமபோன்

வெப்ப எஞ்சினும் கிராமபோனும் உறவினர்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விற்றவர்களும் உண்டு.

ஸ்காட்லாந்தில் ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற பாதிரியார் 1816-இல் ஒரு புதுவகை எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் நீராவி இல்லை, வெறும் காற்றுதான். மூடிய உருளையின் ஒரு முனையைச் சூடாக்கி, மறு முனையைக் குளிர்ச்சியாக வைத்தால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து சுருங்கி பிஸ்டனை ஆட்டும். பாய்லர் இல்லாததால் வெடிக்கும் பயமும் இல்லை. மின்சாரம் எட்டாத காலத்தில், இந்தக் கொள்கையில் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் சுழலும் மின்விசிறி போன்ற விசிறிகள் இந்தியாவில் விற்பனையாயின. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு செய்த பொருள்களின் பட்டியலிலும் மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி ஒன்று உண்டு.

சுவிட்சர்லாந்தில் சாந்த் குருவா என்ற ஊர் இசைப்பெட்டிகளுக்குப் பேர்போனது. அங்கே பையார் என்ற நிறுவனம் 1910 வாக்கில் சூடான காற்றில் ஓடும் கிராமபோனைச் செய்தது. பெயர் மேஸ்ட்ரோஃபோன். பெட்டிக்குள் ஒரு சாராய விளக்கு. அதன் சூட்டில் ஒரு சிறு ஸ்டிர்லிங் எஞ்சின் தட்டைச் சுழற்றும். சாவி கொடுக்க வேண்டாம், பாட்டு இழுக்காது. ஆனாலும் அது நிலைக்கவில்லை. வீட்டுக்குள், மரப்பெட்டிக்குள் தீ வைத்துப் பாட்டுக் கேட்பதைவிடச் சாவி கொடுப்பதே எளிது என்று மக்கள் முடிவு செய்தார்கள். பிறகு மின் மோட்டார் வந்தது, இரண்டுமே போயின.

தட்டின் மேல் ஒரு துலா

இனி எடைக்கு வருவோம். 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' தட்டுகளில் வரும் நாய்ப் படத்தை நினைவில் கொண்டுவாருங்கள். அந்தப் படத்தில் உள்ள பெட்டியில் டோன் ஆர்ம் என்று தனியாக எதுவும் இல்லை. குழல் நேராக முள்ளின் தலையோடு இணைந்திருக்கிறது. முள் நகர நகர, முழுக் குழலும் கூடவே நகர வேண்டும். குழலைப் பெரிதாக்கினால் சத்தம் கூடும், ஆனால் முள்ளின் சுமையும் கூடும்.

இதையும் தீர்த்தவர் அதே ஜான்சன்தான். 1903 வாக்கில் அவர் குழலைப் பெட்டியோடு நிறுத்திவிட்டு, நடுவே ஒரு வளைந்த குழாயை மட்டும் அசைய விட்டார். அதுதான் டோன் ஆர்ம். குழலின் பாரம் பெட்டிக்கு, முள்ளின் வேலை டோன் ஆர்முக்கு.

அப்போதும் முள்ளின் மேல் நூறு கிராமுக்கு மேல் பாரம் இருந்தது. காரணம், அந்தக் காலத்தில் ஒலியை உண்டாக்கும் முழு உழைப்பும் முள்ளுடையது. தட்டின் பள்ளத்தில் அது அசைந்துதான் சவ்வு அதிர வேண்டும். அதனால் எஃகு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றினார்கள். அரக்கில் செய்த தட்டுகள் தேய்ந்தன. 1920-களில் மின்சாரப் பிக்கப் வந்தபின் நிலைமை மாறியது. முள் இனி அதிர்வை உணர்ந்தால் போதும், சத்தத்தைப் பெருக்கும் வேலை ஆம்ப்ளிஃபையருக்கு. 1948-இல் மெல்லிய பள்ளம் கொண்ட எல்.பி. தட்டு வந்தபின் எடையைக் குறைப்பது கட்டாயமே ஆயிற்று.

எப்படிக் குறைத்தார்கள்? நம் ஊர்க் கிணற்றடிக் கைத்துலாவைப் போலத்தான். துலாக்கட்டையின் முன்முனையில் வாளி, பின்முனையில் கட்டிய கல். கல்லின் எடை வாளியின் எடையைச் சரிக்கட்டுவதால், இறைப்பவர் கைக்குப் பாரம் தெரியாது. புதிய டோன் ஆர்மின் பின்முனையிலும் ஒரு திருகக்கூடிய எடை உண்டு. அதைத் திருகித் திருகி ஆர்மை முதலில் அந்தரத்தில் மிதக்கவிடுவார்கள். பிறகு சரியாக இரண்டு கிராம் அளவுக்கு மட்டும் முள்ளின் பக்கம் சாய்ப்பார்கள். நூறு கிராம் எங்கே, இரண்டு கிராம் எங்கே! கூடினால் தட்டு தேயும். குறைந்தால் முள் துள்ளி அதுவும் தட்டைக் கெடுக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தட்டைப் பதிவு செய்யும்போது வெட்டும் ஊசி வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் போகிறது. ஆனால் டோன் ஆர்ம் ஒரு முனையில் மாட்டப்பட்டு, கதவைப் போல வளைவாகத் திரும்புகிறது. ஆகவே முள் பள்ளத்துக்குச் சற்றே கோணலாகவே நிற்கும். 1924-இல் பெர்சி வில்சன் என்ற ஆங்கிலேயர் இதைக் கணக்கிட்டு, ஆர்மின் தலையைச் சற்று வளைத்து, முள்ளை நடு அச்சைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டி வைத்தால் கோணல் பெருமளவு குறையும் என்று காட்டினார். இன்றைய ரெக்கார்டு பிளேயரின் ஆர்ம் வளைந்திருப்பது அழகுக்காக அல்ல.

பாம்பனில் ஒரு பெரிய துலா

இனி ராமநாதபுரம் வழியாக மண்டபம் போவோம். பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2 கிலோமீட்டர். அதன்பின் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு நீராவி ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மீண்டும் ரயிலில் கொழும்பு என்று 'போட் மெயில்' பயணம் நடந்தது. வெப்ப எஞ்சின்தான் அந்தப் பாதை முழுவதையும் ஓட்டியது.

ஆனால் பாலத்தின் நடுவில் கப்பலுக்கு வழிவிடும் இடத்தில் எஞ்சின் இல்லை. ஆட்கள் நின்று கையால் நெம்பித்தான் அந்த இரும்புச் சிறகுகளைத் திறந்தார்கள். நூற்றுக்கணக்கான டன் எடையை மனிதக் கை எப்படித் தூக்கியது? அதைச் சாத்தியமாக்கியது சிக்காகோவைச் சேர்ந்த வில்லியம் ஷெர்சர் 1893-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. ஒவ்வொரு சிறகின் கரைப்பக்க முனையும் சக்கரத்தின் ஒரு துண்டைப் போல வளைந்திருக்கும். அதன் பின்னால் எதிர் எடை. சிறகைத் தூக்க வேண்டியதில்லை, உருட்டினால் போதும். அதுவும் கைத்துலாதான். ரெக்கார்டு பிளேயரில் இரண்டு கிராமுக்குச் செய்த கணக்கை, இங்கே டன் கணக்கில் செய்திருக்கிறார்கள்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாலத்தின் பெரும்பாலான தூலங்களைக் கடல் அடித்துச் சென்றது. நடுவில் இருந்த ஷெர்சர் பகுதி தப்பியது. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் சீராக்கப்பட்டது. புயலைத் தாங்கிய அந்தத் தூக்குப் பகுதியை, பிறகு மெதுவாக வென்றது உப்புக்காற்று. அதன் உறுதியைப் பற்றிய கவலையால் 2022 டிசம்பரில் பாலத்தில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, இரண்டு பக்கக் கோபுரங்களுக்கு இடையே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. கோபுரங்களில் கம்பிவடத்தில் தொங்கும் எதிர் எடைகள் அதன் பாரத்தைச் சுமக்கின்றன. மோட்டார் செய்வது மிச்ச வேலையை மட்டும்.

கம்பிவடம், கப்பி, மறுபக்கம் தொங்கும் எடை. அடுத்த முறை பாம்பன் போகும்போது பாருங்கள். அது நம் லிஃப்டின் பெரிய அண்ணன்.

நம் லிஃப்ட்

லிஃப்டில் மேலே சொன்ன இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒன்றாக இருக்கின்றன.

முதலில் எதிர் எடை. பெட்டியின் எடையோடு, ஏறக்கூடிய சுமையில் ஏறத்தாழ பாதியையும் சேர்த்து அது வைக்கப்படுகிறது. ஆகவே காலியான லிஃப்ட் எதிர் எடையைவிட லேசானது. பிரேக்கை மட்டும் விடுவித்தால் காலிப் பெட்டி கீழே விழாது, மேலே போகும்! நின்றுபோன லிஃப்டின் கதவை நாமே நெம்பித் திறக்கக்கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அது எந்தப் பக்கம் நகரும் என்பது உள்ளே எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது.

அடுத்து கவர்னர். 1854-இல் நியூயார்க்கில் எலிஷா ஓடிஸ் ஒரு மேடையில் ஏறி நின்று, தான் நின்ற தட்டின் கயிற்றை வெட்டச் சொல்லி, தட்டு விழாமல் நிற்பதைக் காட்டினார். அங்கிருந்துதான் மக்கள் லிஃப்டை நம்பத் தொடங்கினார்கள். இன்றைய லிஃப்டுகளில் அந்தப் பாதுகாப்பை முடுக்கிவிடுவது கவர்னர். பெட்டியோடு ஒரு மெல்லிய கம்பிவடம் ஓடி, ஒரு தனிச் சக்கரத்தைச் சுற்றுகிறது. பெட்டி அளவுமீறிய வேகத்தில் இறங்கினால் கவர்னர் அந்த வடத்தைப் பிடித்துக்கொள்ளும். வடம் நின்றால், பெட்டிக்கு அடியில் உள்ள ஆப்புகள் இழுபட்டு இருபக்கத் தண்டவாளங்களையும் கவ்வும். பெட்டி நின்றுவிடும்.

இங்கேதான் நம் கவலை. ஜெனரேட்டரின் கவர்னர் ஓடும்போதெல்லாம் வேலை செய்கிறது. அது கெட்டால் சத்தத்திலேயே தெரியும். லிஃப்டின் கவர்னரோ வாழ்நாளில் ஒரு முறைகூடத் தேவைப்படாமல் போகலாம். அது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தாலும் லிஃப்ட் வழக்கம்போல ஓடும், விளக்கு எரியும், கதவு திறக்கும். சோதித்துப் பார்த்தாலொழிய யாருக்கும் தெரியாது. பாம்பனில் பாலத்தையே அரித்த காற்றுதான் நம் மொட்டைமாடி லிஃப்ட் அறைக்குள்ளும் வீசுகிறது.

தமிழ்நாட்டில் லிஃப்டுகளுக்கென 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; உரிமம் வேண்டும். உரிமம் இருப்பது நல்லது. ஆனால் அது சுவரில் தொங்கும் காகிதம். ஆகவே அடுத்த பொதுக்குழுவில் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது, ஆண்டுக்கு எவ்வளவு ரூபாய் என்பதோடு இவற்றையும் கேளுங்கள்: கவர்னரையும் ஆப்புகளையும் கடைசியாக எப்போது இயக்கிச் சோதித்தார்கள்? கவர்னர் வடத்திலும் சக்கரத்திலும் துரு இருக்கிறதா? அது தேதியோடு பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறதா? குறைந்த விலைக்கு வரும் ஒப்பந்தத்தில் இந்தச் சோதனை சேர்ந்திருக்கிறதா, இல்லையா?

நீராவி எஞ்சின் பலசாலிதான். அதை மனிதர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்யக்கூடியதாக மாற்றியது இரண்டு இரும்புக் குண்டுகள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். அச்சாணி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, தேரில் ஏறும் நம் எல்லோருடைய வேலை.

பின்குறிப்பு: சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி யார் வீட்டிலாவது பரணில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த குடும்ப விழாவுக்குக் கொண்டுவாருங்கள். அதன் கவர்னர் எப்படிச் சுழல்கிறது என்பதை நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டலாம்.